ஈயம் இல்லாத பசை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுதப்போகிற தப்பில் பாதி கோபத்தால் வந்தது. மீதிப் பாதி பக்தியால் வந்தது. இரண்டும் என்னுடையவை, வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது. ஆனால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பழியை வேறொருவர் சுமந்தார்.

மலேசியாவில், குளுவாங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். நாங்கள் செய்வது தெர்மிஸ்டர். அரிசியை விடச் சின்னத் துண்டு. ரைஸ் குக்கர், ஏர்கோன், கார் பேட்டரி என்று எங்கெல்லாம் சூடு எவ்வளவு என்று தெரிய வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு மூலையில் இது உட்கார்ந்திருக்கும். சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கிக்கொண்டே வரும். எவ்வளவு இறங்கியது என்று அளந்தால் சூடு தெரிந்துவிடும். சூடு ஏறினால் விட்டுக்கொடுக்கிற பொருள் இது என்று என் கணவரிடம் ஒருநாள் விளக்கினேன். "உன்னைக் கொண்டுபோய் எப்படி இந்த வேலையில போட்டாங்க?" என்று கேட்டார்.

செய்முறை ஒன்றும் மந்திரம் இல்லை. மாங்கனீஸ், கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் கலந்த கறுப்புத் தூள், கொஞ்சம் கண்ணாடித் தூள், இரண்டையும் குழைக்க ஓர் எண்ணெய்க் கலவை. எல்லாவற்றையும் ரோலர் மெஷினில் விட்டு அரைத்தால் கறுப்புப் பசை வரும். அந்தப் பசையை நுண்ணிய வலை வழியாக வெள்ளைப் பீங்கான் தகட்டில் அச்சடிப்போம், பனியன் சட்டையில் படம் அச்சடிப்பது போலத்தான். காயவைத்து, எண்ணூற்றைம்பது டிகிரி உலைக்குள் பெல்ட்டில் ஏற்றி அனுப்பினால் கண்ணாடித் தூள் உருகும். உருகிய கண்ணாடி கறுப்புத் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தகட்டில் ஒட்டிவிடும். இதற்குத் தடித்த படலம் என்று பெயர். தலைமுடியின் கனம்கூட இருக்காது. பெயர் வைத்தவர் எதைத்தான் மெல்லியது என்று சொல்வாரோ தெரியவில்லை.

முன்பெல்லாம் அந்தக் கண்ணாடித் தூளில் ஈயம் இருந்தது. ஈயக் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். சீக்கிரம் உருகும், இண்டு இடுக்கெல்லாம் ஓடிப் பாயும், ஆறும்போது விரிசல் விடாது. ஆனால் ஈயம் விஷம். குப்பையில் போன சாமான்களிலிருந்து மண்ணில் இறங்கி, தண்ணீரில் கலந்து, கடைசியில் பிள்ளைகளின் ரத்தத்தில் வந்து நிற்கும். வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக, ஈயம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் கலந்த கண்ணாடியை வைத்துப் புதுப் பசை செய்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பிஸ்மத் கண்ணாடி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்த இரண்டு துண்டுகள் இரண்டு விதமாக மின்தடை காட்டும். துண்டுகளுக்குக் கம்பி சேர்த்து எண்ணெய்த் தொட்டியில் இறக்கி, இருபத்தைந்து டிகிரியில் ஒரு முறை, எண்பத்தைந்தில் ஒரு முறை அளப்போம். அந்த இரண்டு எண்களும்தான் அதன் ஜாதகம். நல்ல ஜாதகம் என்று தேறியதையும் சூட்டுப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து எடுத்தால், மின்தடை மெல்ல நகர்ந்து வேறெங்கோ போயிருக்கும். இன்றைக்கு ஒன்று, அடுத்த வருடம் ஒன்று சொல்கிற தெர்மிஸ்டரை வைத்து என்ன செய்வது? கண்ணாடியின் அளவைக் கூட்டினேன், குறைத்தேன். உலையின் வேகத்தை மாற்றினேன். தூளை இன்னும் நைசாக அரைக்கச் சொன்னேன். இப்படியே ஒன்றரை வருடம் போனது. என் பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும், வீட்டில் துணி மடிக்கும்போதுகூட அதை எடுத்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஒன்றரை வருடமும் என்னோடு நின்றவர் ஒரு பாய். பொந்தியான்காரர். அப்பா காலத்தில் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். என்னை விட ஒரு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "என்னைக் கிழவி ஆக்காதீங்க பாய்" என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. பசை அரைப்பது, அச்சடிப்பது, மெஷினைக் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். நான் ஒரு தகட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தால், அடுத்த தகட்டைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்.

அவருடையது வருடா வருடம் புதுப்பிக்கிற கொன்ட்ராக் வேலை. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் காலையில் மனைவியை டயாலிசிஸ் நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத் தாமதமாக வருவதற்கு மேனேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார். அந்த வயதில், அந்தத் தாமதத்தையும் பொறுத்துக்கொள்கிற வேலை இன்னொன்று கிடைக்காது. மற்றவர்களைப் போல சிங்கப்பூருக்குப் போகலாம் என்றால் விடிவதற்கு முன்னால் எல்லைப் பாலத்தில் வரிசையில் நிற்க வேண்டும். மனைவியை யார் கொண்டுபோவது? இந்த வேலை போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படி நடந்தேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் தமிழர்கள் மெஷின்களுக்குப் பொட்டு வைப்போம். மேனேஜர் சீனர். அவருக்கு இதில் ஆட்சேபம் இல்லை, சுண்டல் பொட்டலம் இரண்டாக எடுத்துக்கொள்வார். வழக்கமாகச் சந்தனமும் குங்குமமும்தான் வைப்போம். அந்த வருடம் என் பக்கத்து வீட்டு அக்கா இந்தியாவில் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு வந்து, ஆஞ்சநேயர் செந்தூரம் என்று ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். கோயில் வாசலுக்கு வெளியே ஒரு கடையில் வாங்கியதாம். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். எங்கள் சின்ன அறையில் மூன்று இடத்தில் அதை வைத்தேன்: உலை வாசலில், அச்சு மெஷினில், ரோலர் மெஷினின் மேல் சட்டத்தில். இந்த முறையாவது நல்லபடியாக வர வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். பாய் மரியாதையாகத் தள்ளி நின்றார்.

வேண்டுதல் பலித்தது. அடுத்து அரைத்த பசையில் துண்டுக்குத் துண்டு வித்தியாசமே தெரியவில்லை. சூட்டுப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்தும் மின்தடை நகரவில்லை. நேர்க்கோடாக வந்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். பாயும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கு ஒரு கறிபாப் சாப்பிட்டோம். எங்களிடம் வாங்குகிற கம்பெனிக்கு மாதிரிகளை அனுப்பினோம்.

பதில் ஒரே வரியில் வந்தது. ஈயம் இருக்கிறது, வரம்புக்கு மேல்.

எங்களிடம் ஓர் எக்ஸ்ரே பெட்டி உண்டு. ஒரு பொருளை உள்ளே வைத்து மூடினால் அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். கறுப்புத் தூளை வைத்தேன், ஈயம் இல்லை. கண்ணாடித் தூளில் இல்லை. எண்ணெயில் இல்லை. பீங்கான் தகட்டில் இல்லை. அரைத்து முடித்த பசையை வைத்தேன், இருந்தது. அப்படியானால் நடுவில் ரோலர் மெஷினில்தான் ஏறியிருக்க வேண்டும். அதே மெஷினில்தான் பல வருடம் ஈயப் பசை அரைத்தோம். பழைய மிச்சம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழுவியவர் ஒழுங்காகக் கழுவவில்லை. எனக்கு இதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

காலை ஏழே முக்காலுக்கு கேன்டீன் வாசலில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைக் கூட்டத்தைப் பெரட்டு என்பார்கள். தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் இதையும் அப்படித்தான் சொல்வோம். அன்றைய பெரட்டில், மலாய்க்காரர், சீனர், நேப்பாளி, தமிழர் என்று அத்தனை பேர் முன்னாலும் பாயைக் கேட்டேன்.

"பாய், மெஷினக் கழுவினீங்களா, இல்ல பேப்பர்ல சைன் மட்டும் வச்சீங்களா?"

"கழுவினேன்க்கா."

"கழுவினா ஈயம் எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா? ஒன்றரை வருஷ வேலை! அலமாக், ஒரு மெஷின ஒழுங்காத் துடைக்கத் தெரியாதா?"

தமிழ் தெரியாதவர்களுக்கும் என் குரலிலேயே விஷயம் புரிந்திருக்கும். அன்று மதியமே அறிக்கை எழுதினேன். காரணம்: பழைய ஈயப் பசையின் மிச்சம், மெஷின் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவரோடு எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி ஆங்கிலம். இந்த மாதக் கடைசியில் பாயின் கொன்ட்ராக் முடிகிறது, இப்படி ஓர் அறிக்கை இருந்தால் தன்னால் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட முடியாது என்றார். எழுதியது உறுதிதானா என்று கேட்டார். உறுதி என்றேன்.

பாய் மூன்று நாள் அந்த மெஷினை ஆணி ஆணியாகக் கழற்றித் தேய்த்தார். மறுபடியும் அரைத்தோம். மறுபடியும் ஈயம், முன்பை விடக் குறைவு, ஆனால் இருந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. எந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறார் என்று நானே கண்டுபிடித்து அவர் முகத்துக்கு நேரே காட்டுவது என்று முடிவெடுத்தேன். அவர் மனைவியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோன ஒரு காலையில், வெள்ளைத் துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் துடைத்து, தனித்தனியாக எக்ஸ்ரே பெட்டியில் வைத்தேன். மூன்று ரோலர்களும் சுத்தம். பசையை வழிக்கிற தகடு சுத்தம். தட்டு, ஆணி, இடுக்கு எல்லாம் சுத்தம். நான் என் வீட்டுப் பாத்திரத்தைக்கூட அப்படிக் கழுவியதில்லை. கடைசியாக மேல் சட்டத்தைத் துடைத்த துணியை வைத்தேன். பெட்டி ஈயம் என்றது. துணியைப் பார்த்தேன், ஆரஞ்சாக இருந்தது.

மறுநாள் வீட்டுச் சாமி அலமாரியிலிருந்து அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து ஒரு சிட்டிகை பெட்டிக்குள் வைத்தேன். அதில் பாதிக்கு மேல் ஈயம்தான். மெஷின் ஓடும்போது சட்டம் அதிரும். காய்ந்த செந்தூரம் பொடிப்பொடியாகப் பசைக்குள் உதிர்ந்திருக்கிறது. மலிவான செந்தூரத்தில் சிவப்பு ஈயத்தைக் கலப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கேயோ படித்து, நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் தொழிற்சாலையில் தெரிந்தது தொழிற்சாலையோடு, சாமி அலமாரியில் இருப்பது அலமாரியோடு என்று வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

மூன்று பொட்டையும் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த பசையில் துளி ஈயம் இல்லை, துண்டுகளும் முன்போலவே ஒரே அளவு காட்டின. மேனேஜர் சந்தோஷமாக என் தோளைத் தட்டினார். பார்த்தீர்களா, ஒழுங்காகத் தேய்த்ததும் சரியாகிவிட்டது, நீங்கள் எழுதியதுதான் சரி என்றார். நான் எழுதிய தப்புக்கு இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பெயர் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் பாய் எப்போதும்போல "காலை வணக்கம்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கையுறையை மாட்டினார்.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. மதிய ஓய்வில், அறைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"பாய், ஈயம் உங்களால வரல. நான் வச்ச செந்தூரத்துலேருந்து வந்திருக்கு."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "தெரியும்க்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? எப்போலேருந்து?"

"மெஷினக் கழட்டினேன்ல, அப்பவே. ரோலருக்கு அடியில ஆரஞ்சுப் பொடி கெடந்துச்சு. மேல பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! ஒரு துணிய எடுத்துத் துடைச்சாவது விட்டிருக்கலாமே!"

"நான் எப்படிக்கா அதத் துடைக்கிறது? அது நீங்க சாமிக்கு வச்சது. சுத்திச் சுத்தித்தான் துடைச்சேன். வாயத் தொறந்து சொன்னா மட்டும் என்ன ஆகும்? தான் கழுவாதத மறைக்க பாய் சாமிப் பொட்டு மேல பழி போடுறான்னு ஆயிடும். நம்ம எடத்துல அது சின்னப் பேச்சு இல்ல லா. நீங்களாக் கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன்."

நான் அவரைத் திட்டிய மறுநாள் அவர் அப்படிச் சொல்லியிருந்தால், அவர் பயந்த அதே வார்த்தையை முதலில் சொல்லியிருக்கக்கூடியவள் நான்தான். அதுவும் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பேன்.

"இன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்றேன். ரிப்போர்ட்ட மாத்தி எழுதறேன். என்னை மன்னிச்சிடுங்க பாய்."

அவர் பேசியபோது குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"ரிப்போர்ட்ட மேனேஜர் படிப்பாரு. மத்தவங்க யாரு படிக்கப்போறா? நீங்க திட்டினது பெரட்டுல. சாயங்காலத்துக்குள்ள அது எங்க வீட்டுக்குப் போயிடுச்சு. கேன்டீன்ல இருக்குற பொண்ணு எங்களுக்குப் பக்கத்து வீடு. என் பொஞ்சாதி என்ன நெனச்சுக்கிட்டா தெரியுமா? அவளக் கொண்டுபோற நாள்ல அவசர அவசரமா வந்து, அரையும் குறையுமாக் கழுவிட்டேன்னு நெனச்சுக்கிட்டா. 'என்னாலதான உங்களுக்கு இந்தப் பேச்சு'ன்னு அழுவுறா. இனிமே தனியா டாக்சியில போய்க்கிறேங்குறா. பாதி நாள் மயக்கத்தோட வர்றவ, தனியா எப்படிப் போவா? நான் ஒழுங்காத்தான் கழுவினேன்னு சொன்னா, அவ மனசுக்காகச் சொல்றேன்னு நெனைக்கிறா." என்னை நேராகப் பார்த்தார். "பெரட்டுல திட்டினீங்க. பெரட்டுலயே சொல்லிடுங்கக்கா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மேனேஜரிடம் அன்றே சொன்னேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் குரலை உயர்த்தினார். இனிமேல் பொட்டு அறைக் கதவின் வெளிப்பக்கத்தோடு சரி, உள்ளே ஒரு பொடியும் வரக்கூடாது என்றார். தலையை ஆட்டினேன். பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதியதில் என் பெயரில் தப்பை எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்து முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து பாயின் கொன்ட்ராக்கை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்கவும் ஒரு தாள், திருப்பிக் கொடுக்கவும் ஒரு தாள். நானோ இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரட்டு அவ்வளவு சுலபமாக இல்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், வார்த்தை வழுக்கியது. சாமிப் பொட்டில் விஷம் என்று சொன்னால் எங்கள் பெண்களே என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தது. மறுநாள் டயாலிசிஸ் நாள். பாய் எப்படியும் தாமதமாகத்தான் வருவார், அவர் இல்லாதபோது சொல்லி முடித்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசை. ஏழே முக்காலுக்குப் போய்ப் பார்த்தால் அவர் முன்வரிசையில் நிற்கிறார். மனைவியை முன்கூட்டியே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். சட்டை முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது.

கேன்டீன் படியில் ஏறி நின்று, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று முதலில் மலாயில் சொன்னேன். ஈயம் என் பொடியிலிருந்து வந்தது, நான் அவசரப்பட்டு அவரைக் குற்றம் சொன்னேன், அவர் மேல் தப்பில்லை. எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையை நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோனாள். முடிந்தது என்று நான் கீழே இறங்கப் போனபோதும் பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சட்டைப் பையில் கைப்பேசி வெளிச்சமாக இருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பையிலிருந்து மெதுவாக எடுத்து, நெஞ்சுக்கு நேராக, என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

மறுமுனையில் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில், ஒரு கையில் ஊசியோடு, இன்னொரு கையில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருக்கிறாள். நான் திரும்பி நின்றேன்.

"பாய் கழுவினாரு" என்று தமிழில் சொன்னேன். "ஒவ்வொரு நாளும் ஒழுங்காக் கழுவினாரு. லேட்டா வந்த நாள்லயும் ஒழுங்காத்தான் கழுவினாரு. தப்பு என்னோடது."

அந்த நிலையத்தில் மெஷின்களின் சத்தம் அதிகமாக இருக்கும் என்று பாய் எப்போதோ சொல்லியிருக்கிறார். அதனால் இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.